தண்ணீரில் நனைத்த முறுக்கு

ஊரடங்கு எனக்குப் பழகிய விஷயம். கொரோனா வந்த அந்த மார்ச் மாதம் நாடு முழுவதற்கும் ஊரடங்கு என்று அறிவித்தபோது, கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் எல்லோரும் கடைகளுக்கு ஓடினார்கள். நான் ஓடவில்லை. வீட்டிலிருந்த வாளிகளையெல்லாம் நிரப்பினேன். அரிசிப் பேணியைத் தூக்கிப் பாரம் பார்த்தேன். மெழுகுதிரியையும் தீப்பெட்டியையும் இருட்டில் கை வைத்தால் அகப்படுகிற இடத்தில் வைத்தேன். என் கைகள் என்னைக் கேட்காமலே இதையெல்லாம் செய்தன.

“என்ன, திரும்பச் சண்டை தொடங்கப் போகுதெண்டு ஆராவது உமக்குச் சொன்னவையோ?” என்று என் கணவர் சிரித்தார்.

“நீங்கள் சிரியுங்கோ. சாமான் முடிஞ்சால் என்னட்டத்தான் வருவியள்.”

அவர் கொழும்பில் பிறந்து வளர்ந்தவர். நான் பத்து வயது வரை யாழ்ப்பாணத்தில், ஊரடங்குகளுக்குள் வளர்ந்தவள். எப்போது விளக்கை அணைப்பது, கிணற்று வாளியைச் சத்தம் கேட்காமல் எப்படி இறக்குவது, தெருவில் நாய் குரைத்தால் எந்த அறைக்குள் போய் இருப்பது என்று எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் ஒரு முறை இருந்தது. கொழும்புக்கு வந்த பிறகும் அது விட்டுப்போகவில்லை. பொலிஸ் கதவைத் தட்டிப் பதிவு பார்த்த காலம் அது. லொட்ஜ் அறையில் நாங்கள் வானொலியைக்கூடக் காதோடு வைத்துத்தான் கேட்டோம். அந்தக் காலத்தில் நல்ல பிள்ளை என்றால் சத்தம் போடாத பிள்ளை. நான் மிக நல்ல பிள்ளை என்று பெயர் எடுத்திருந்தேன்.

என் மகளுக்கு அப்போது பதினான்கு வயது. எனக்கு இருபது வயதில் பிறந்தவள். பாடசாலைக்குப் போனால் என்னை அவளுடைய அக்கா என்று நினைத்துவிடுவார்கள். எனக்கு அது ஒருநாளும் சந்தோஷமாக இருந்ததில்லை. சின்ன வயதில் பெற்றவள், வளர்க்கத் தெரியவில்லை என்று மற்ற அம்மாமார் நினைப்பார்களோ என்றுதான் யோசிப்பேன். அப்படி நினைக்க அவர்களுக்குக் காரணமும் இருந்தது. ஒரு தவணைக்குள் மூன்று தண்ணீர்ப் போத்தலைத் தொலைப்பாள். வகுப்பில் கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் எழுந்து பதில் சொல்லிவிட்டு, எழுத்துச் சோதனையில் பாதித் தாளை வெறுமையாகக் கொடுத்துவிட்டு வருவாள். கதிரையில் இருந்தால் கதிரை ஆடும். பேனை கையில் இருந்தால் அதன் மூடி திறந்து திறந்து மூடும். படிக்கட்டில் ஒருநாளும் ஒவ்வொரு படியாக இறங்கியதில்லை.

பன்னிரண்டு வயதில்தான் ஒரு மருத்துவர் ஏ.டி.எச்.டி. என்றார். “பொம்பிளைப் பிள்ளையளில பிந்தித்தான் கண்டுபிடிக்கிறது. அதுவரைக்கும் குழப்படி எண்டு ஏச்சுத்தான் வாங்குவினம்” என்றும் சொன்னார். நான் ஏசியதையெல்லாம் அவர் பக்கத்தில் நின்று கேட்டதுபோல இருந்தது. காலையில் ஒரு குளிசை கொடுக்கத் தொடங்கினோம். பாடசாலை விட்டு வந்ததும் மொட்டை மாடியில் போய் ஸ்கிப்பிங் அடிப்பாள். வியர்த்து, முகம் சிவந்து, பசியோடு இறங்கி வருவாள். அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம் இருந்து படிக்க அவளால் முடிந்தது.

இன்னொன்றும் இருந்தது. எங்கள் ஒழுங்கை போய் முடிகிற இடத்தில் கடற்கரை வீதி, அதற்கு அப்பால் தண்டவாளம், பிறகு கடல். அரை மணித்தியாலம், கால் மணித்தியாலம் என்று சொன்னால் அவளுக்கு விளங்காது. மணிக்கூட்டைப் பார்ப்பாள், ஆனால் நேரம் போகிறது என்பது அவளுக்குத் தெரியாது. ரெயின் மட்டும் தெரியும். காலிப் பக்கம் போகிற ரெயின் கேட்டால் குளிக்க வேண்டும். கோட்டைக்குப் போகிற அலுவலக ரெயின் வந்தால் சப்பாத்துப் போட வேண்டும். பின்னேரம் கூட்டத்தோடு வருகிற ரெயினுக்குப் புத்தகம். இது அவளாகவே கண்டுபிடித்த முறை. எனக்கு அவள் சொல்லித்தான் தெரியும்.

ஊரடங்கோடு ரெயின்கள் நின்றன. மொட்டை மாடிக் கதவைத் தொடர்மாடிக் கமிட்டி பூட்டியது. யாரும் கூட்டம் சேரக்கூடாதாம். நான் கமிட்டிக்காரருக்கு எத்தனையோ தரம் போன் எடுத்தேன். “என்ர பிள்ளை ஒருத்திதான் சேர். மாஸ்க் போட்டுக்கொண்டு போவாள். அரை மணித்தியாலம் திறந்து விடுங்கோ” என்று கேட்டேன். முடியாது என்றார்கள். ஒரு நாள் குரலை உயர்த்திச் சண்டையே பிடித்தேன். நான் அப்படிச் செய்கிறவள் அல்ல.

அதனால் அவள் வீட்டுக்குள்ளேயே கயிறு அடித்தாள். இரண்டாவது நாளே கீழ்வீட்டிலிருந்து இடி கேட்டது. கீழே ஓய்வுபெற்ற ஓர் ஐயா மனைவியோடு இருந்தார். வீடு கூட்டுகிற தும்புத்தடியின் பிடியால் அவருடைய கூரையை, அதாவது எங்கள் நிலத்தை, இடித்தார். டொக், டொக், டொக். பட்டப்பகலில் நான் ஓடிப்போய் லைற்றை அணைத்தேன். ஏன் அணைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. மகள் கயிற்றைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அம்மா, ஏன் இருட்டாக்கிறியள்?”

“சும்மா இரு பிள்ளை. முறைப்பாடு குடுத்தால் பொலிஸ் வரும், சுகாதாரக்காரர் வருவினம். தேவையில்லாத பிரச்சினை.”

அன்று பின்னேரம் தேநீர் குடிக்கும்போது, அவளைச் சமாதானப்படுத்துவதற்காக என் சின்ன வயதுக் கதை ஒன்றைச் சொன்னேன். ஊரடங்கு நேரத்தில் ஒழுங்கையால் ஆமி நடந்து போகும். நாங்கள் மூன்று பிள்ளைகளும் கட்டிலுக்குக் கீழே இருப்போம். பசித்தால் அம்மா பிஸ்கட் தருவார். ஆனால் கடித்தால் சத்தம் வரும் என்று அதைத் தண்ணீரில் நனைத்து, கூழாக்கித் தருவார். சப்பாமல் நாக்கால் கரைத்து விழுங்க வேண்டும். அதில் யார் கெட்டிக்காரர் என்று எங்களுக்குள் போட்டி. எப்போதும் நான்தான் வெல்வேன்.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். “முறுக்கெண்டால் என்ன செய்வியள்?”

“முறுக்கெண்டால் ஆமிக்கும் ரெண்டு குடுத்திருப்பினம்” என்றார் அவளுடைய அப்பா.

“நனைச்ச முறுக்கு! சீ! அதைவிட ஆமியிட்டப் பிடிபடலாம்.”

மூவரும் சிரித்தோம். அந்த ஊரடங்கில் நாங்கள் சேர்ந்து சிரித்தது எனக்கு நினைவிருக்கிற ஒரே பின்னேரம் அதுதான்.

அதன் பிறகு வீட்டுக்கு என் முறைகள் வந்தன. வீட்டுக்குள் செருப்பு வேண்டாம். கதிரையை இழுக்காமல் தூக்கி வை. கதவைக் கைபிடித்துச் சாத்து. குழாயை மெல்லத் திற. சூம் வகுப்பு நேரத்தில் நான் கமராவுக்குத் தெரியாமல் அவளுக்குப் பக்கத்தில் தரையில் இருப்பேன். மேசைக்குக் கீழே அவளுடைய முழங்கால் துடிக்கும். நான் அதில் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பேன். என் உள்ளங்கைக்குக் கீழே அது ஒரு கோழிக்குஞ்சுபோல அடித்துக்கொள்ளும். கையை எடுத்தால் மேசை ஆடும், மேசை ஆடினால் போன் விழும். போன் விழுந்தால் மிஸ்ஸின் குரல் வரும்.

“திரும்ப எங்க போயிட்டீங்க? எல்லாரும் உங்களுக்காக வெயிட் பண்றாங்க பிள்ளை.”

வகுப்பில் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். ‘பஃபரிங்.’ சூமில் ஏதாவது கேட்டால் பதில் வர நேரம் எடுக்குமாம், இன்டர்நெற் மாதிரி. ஒருநாள் மிஸ் அவளைக் கூப்பிட, ஒரு பிள்ளை மைக்கை மூட மறந்து, “ஏய், பஃபரிங் இன்னும் லோட் ஆகல்லடி” என்றது. நாற்பது சின்னக் கட்டங்களுக்குள்ளும் வாய்கள் சிரித்தன. சத்தம் இல்லாத சிரிப்பு. என் கைக்குக் கீழே முழங்கால் ஆடுவது நின்றது. நான் கையை எடுத்தேன். மிச்ச வகுப்பு முழுக்க அது ஆடவில்லை. எனக்கு அப்போது வந்தது நிம்மதி என்றுதான் சொல்ல வேண்டும்.

குளிசையும் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. கிளினிக் மூடியிருந்தது. மருந்தைத் தபாலில் அனுப்பினார்கள், ஆனால் ஒரு தரம் வந்தால் அடுத்த தரம் பிந்தும். பார்மசிகளில் இல்லை என்றார்கள். முடிந்துவிடுமே என்ற பயத்தில் நான் அதை அரிசியைப் போல மிச்சம் பிடிக்கத் தொடங்கினேன். வீட்டில்தானே இருக்கிறாள், சோதனை இருக்கிற நாளுக்குக் கொடுத்தால் போதும் என்று நானாகவே முடிவெடுத்தேன். மருத்துவரிடம் கேட்கவில்லை. போன் எடுத்து அவரைக் கரைச்சல்படுத்தக்கூடாது என்று நினைத்தேன்.

ஊரடங்கு தளர்ந்தது. ரெயின்கள் சில ஓடின, ஆனால் பழைய நேரங்களுக்கு அல்ல. பாடசாலை திறந்ததும் தெரியவில்லை, மூடியதும் தெரியவில்லை. இரண்டாவது அலை வந்தது. எல்லாம் திரும்பவும் நின்றது. கொட்டாஞ்சேனையில் என் அக்கா இருந்த பக்கத்தை முழுதாகப் பூட்டினார்கள்.

அந்த இரண்டாவது பூட்டலில்தான் என் மகள் அமைதியானாள்.

எப்போது தொடங்கியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சத்தம் தொடங்கினால் தெரியும். நிற்பது தெரியாது. ஸ்கிப்பிங் கயிறு கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. கீழ்வீட்டு ஐயா இடிப்பதும் நின்றுவிட்டது. இரவில் படுக்கப் போகும் முன் அவள் என்னிடம் வந்து கேட்பாள்.

“அம்மா, இண்டைக்கு நான் சத்தம் போட்டனானோ?”

“இல்லை. நல்ல பிள்ளை.”

ஒவ்வொரு நாளும் கேட்டாள். ஒவ்வொரு நாளும் அதையே சொன்னேன். பொருட்களைத் தொலைப்பதும் நின்றுபோனது. எதையும் எடுத்துக்கொண்டு எங்கும் போகாதவள் எதைத் தொலைப்பாள்? அதை இப்போதுதான் கேட்கிறேன். அப்போது அக்காவுக்குப் போன் எடுத்து, “பிள்ளை திருந்தீட்டாள் அக்கா” என்றுதான் சொன்னேன்.

“பாத்தியே? குளிசையும் இல்லை, ஒண்டும் இல்லை. தானா அடங்கீட்டாள். நான் அப்பவே சொன்னனான், பெரியபிள்ளையாகினாப் பிறகு எல்லாம் சரிவரும் எண்டு. நீதான் ஆசுப்பத்திரி ஆசுப்பத்திரி எண்டு ஓடினனீ” என்றார் அக்கா.

“நெடுகப் படுக்கிறாள். அதுதான் ஒரு மாதிரிக் கிடக்கு.”

“வளர்ற பிள்ளை படுக்கும்தானே. எழுப்பாதை. உனக்கு எதிலயும் ஒரு பயம்.”

அது உண்மை. எனக்கு எதிலும் ஒரு பயம். அதனால், இந்தப் பயத்தையும் மற்றப் பயங்களோடு சேர்த்து ஒதுக்கி வைத்தேன்.

கொட்டாஞ்சேனையைத் திறந்த கிழமையே அக்கா ஒரு பேணி முறுக்கை முச்சக்கர வண்டிக்காரர் ஒருவரிடம் கொடுத்து அனுப்பினார். தீபாவளிக்குச் சுட முடியாமல் போனதாம். மொறுமொறுவென்று, எள்ளுப் போட்ட முறுக்கு. மகளுக்கு அக்காவின் முறுக்கென்றால் உயிர். பேணியை மேசையில் வைத்துவிட்டு, நான் குளியலறையில் உடுப்புத் தோய்க்கப் போனேன்.

திரும்பி வந்தபோது அவள் சமையலறையில் என் பக்கம் முதுகைக் காட்டியபடி நின்றுகொண்டிருந்தாள். குழாய் நூலாக ஓடிக்கொண்டிருந்தது, நான் சொல்லிக்கொடுத்தபடி. முன்னால் ஒரு கிண்ணத்தில் தண்ணீர். அதற்குள் முறுக்கு ஊறி, உடைந்து, எள்ளெல்லாம் மேலே மிதந்தது. அவள் அதை விரலால் வழித்து வாயில் வைத்து, சப்பாமல், கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள்.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. “என்ன பகிடி இது?”

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். பகிடிக்கான முகம் இல்லை அது.

“கடிச்சால் சத்தம் வரும்” என்றாள்.

“ஆருக்குக் கேக்கப்போகுது? வீட்டில நான் மட்டும்தானே.”

“அதுதான், உங்களுக்கு.”

நான் குழாயைப் பூட்டினேன். கிண்ணத்தை எடுத்துக் கழுவப் போனேன். அவள் அதை என்னிடமிருந்து வாங்கித் தானே கழுவினாள், கிண்ணம் தொட்டியில் படாமல், அவ்வளவு பக்குவமாக.

“நான் இப்ப நல்லாப் பழகீட்டன் அம்மா. நேற்று நீங்கள் போனில கதைக்கேக்க நான் உங்களுக்குப் பின்னாலதான் கன நேரம் நிண்டனான். உங்களுக்குத் தெரியேல்ல. நான் இருக்கிறனெண்டே தெரியேல்ல.” கையைத் துடைத்தாள். “இல்லாமல் போனாலும் இப்பிடித்தான் இருக்கும். உங்களுக்குப் பெரிசா வித்தியாசம் தெரியாது.”

அதை அழுதபடி சொல்லவில்லை. ஒரு கணக்கைச் செய்து முடித்து விடையைச் சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு அறைக்குப் போனாள். கதவைக் கைபிடித்துச் சாத்தினாள். பூட்டு விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

நான் மருத்துவருக்குப் போன் எடுத்தேன். கரைச்சல்படுத்தக்கூடாது என்று மாதக்கணக்காக எடுக்காமல் இருந்த அதே இலக்கம். குளியலறைக்குள் போய், குழாயை முழுதாகத் திறந்துவிட்டுக் கதைத்தேன். நான் சொல்லச் சொல்ல அவர் இடைமறிக்காமல் கேட்டார். பிறகு சொன்னார்:

“அம்மா, நீங்க இப்ப போய் அவட்ட நேராக் கேக்கோணும். சாகோணும் எண்டு யோசிக்கிறாவோ எண்டு. சுத்தி வளைக்க வேண்டாம்.”

“கேட்டால் அந்த எண்ணம் வந்திடாதோ டொக்டர்?”

“வராது. இருந்தால் வெளியில வரும். கேட்டிட்டு எனக்கு எடுங்கோ. அதுவரைக்கும் தனிய விடாதீங்கோ.”

நான் இரண்டு பட்டங்கள் படித்தவள். மூன்று மொழியில் கதைப்பேன். அந்த ஒரு கேள்வியைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளுடைய கதவுக்கு வெளியே நின்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒரு தாய் தன் பிள்ளையைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா என்று தோன்றியது. கேட்டு, ஓம் என்று சொல்லிவிட்டால் அந்த ஓமை எங்கே கொண்டுபோய் வைப்பது?

உள்ளே போனேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். வெளியே நல்ல வெயில். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் இருந்தேன், சூம் வகுப்புக்கு இருந்ததுபோல. அவளுடைய முழங்காலைத் தேடிக் கையை வைத்தேன். அது ஆடவில்லை.

“பிள்ளை, செத்துப்போகோணும் எண்டு யோசிக்கிறனியோ?”

சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். “நெடுக இல்லை.”

எப்போதும் இல்லை. அப்படியென்றால் சில நேரம். அவளே தொடர்ந்தாள்.

“சாகோணும் எண்டில்லை அம்மா. எல்லாம் நிக்கோணும். நீங்கள் சத்தத்தை நிப்பாட்டச் சொன்னியள், நான் நிப்பாட்டினன். அது போகேல்ல. உள்ளுக்க போட்டுது. இப்ப தலைக்குள்ள நாள் முழுக்க ஆரோ கதிரை இழுக்கிற மாதிரிக் கிடக்கு.”

“ஏதாவது... செய்யப் பாத்தனியோ?”

“ஒரு நாள் மேல போனனான். மொட்டை மாடிக்கு. கதவு பூட்டிக் கிடந்தது” என்றாள்.

அந்தக் கதவைத் திறந்துவிடச் சொல்லித்தான் நான் கமிட்டிக்காரரோடு சண்டை பிடித்தேன்.

கட்டிலில் ஏறி அவளுக்குப் பின்னால் படுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் என் கையை உதறவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. அப்படியே கிடந்து ஒரு கையால் அவளுடைய அப்பாவுக்கு, ‘உடனே வாங்கோ’ என்று அனுப்பினேன். அவர் வேலை செய்த வங்கி திறந்திருந்தது. வந்தார். நான் சொன்னதைக் கேட்டு, சப்பாத்தைக் கழற்றாமல் வாசலில் சப்பாத்துத் தட்டின் மேலேயே இருந்துவிட்டார். அந்த மனிதர் பகிடி விடாமல் இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

மருத்துவருக்கு எடுத்துச் சொல்லிவிட்டு, அன்று பின்னேரமே ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியில் பொலிஸ் மறித்தது. எங்கே போகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார்கள். “ரோஹலட்ட” என்றார் என் கணவர், ஆஸ்பத்திரிக்கு. யாருக்கு வருத்தம், யாருக்குச் சுகமில்லை என்று குனிந்து பார்த்தார் ஒரு பொலிஸ்காரர். நான் பின் சீற்றிலிருந்து “துவட்ட”, மகளுக்கு என்றேன். அவர் சட்டென்று இரண்டடி பின்னால் போனார்.

“கொரோனாத?”

“நே, நே. கொரோனா நெமெய்.”

அப்படியென்றால் சரி என்பதுபோலக் கையை அசைத்து எங்களைப் போகவிட்டார். மாஸ்க்குக்குள்ளிருந்து மகள் சொன்னாள்: “கொரோனா இல்லையெண்டால் வருத்தமே இல்லையாம்.” அவளுடைய அப்பா சிரித்தார். சிரித்துக்கொண்டே வந்தவர் அடுத்த சந்தியில் கண்ணைத் துடைத்தார்.

அங்கே நடந்ததை நான் விவரமாக எழுதப் போவதில்லை. அது அவளுடையது. நிறுத்தி வைத்த குளிசையை ஒழுங்காகத் தொடங்கினார்கள். இன்னொன்றும் சேர்ந்தது. கிழமைக்கொரு தரம் மனநல ஆலோசகரான ஓர் அன்ரியோடு வீடியோவில் கதைத்தாள். கத்தி, மருந்துப் பெட்டி எல்லாவற்றையும் ஓர் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பை நான் கழுத்தில் போட்டுக்கொண்டேன். கோயில் நூலோடு அதுவும் கிடந்தது. “இவவுக்கு உடம்பு ஆடியே ஆகோணும். அது குழப்படி இல்லை, மருந்து” என்றார் மருத்துவர்.

அவர் அப்படிச் சொன்ன அடுத்த நாள் நான் கீழ்வீட்டுக்குப் போனேன். அதுவரை அவளுடைய வருத்தத்தை நாங்கள் அக்காவைத் தவிர யாருக்கும் சொன்னதில்லை. குளிசையைச் சத்துக் குளிசை என்றுதான் சொந்தக்காரருக்குச் சொல்லியிருந்தேன். பெண் பிள்ளை, நாளைக்குக் கலியாணம் பேச வேண்டும் என்ற நினைப்பு. கதவைத் தட்டிவிட்டு, படிக்கட்டில் தள்ளி நின்று, மாஸ்க்குக்குள்ளால் சொன்னேன்.

“ஐயா, என்ர மகளுக்கு வருத்தம். மனவருத்தம். அவள் துள்ள வேணும். பின்னேரம் நாலு மணிக்குக் கயிறடிப்பாள். உங்களுக்கு இடைஞ்சல்தான். நான் அதுக்கு ஒண்டும் செய்யேலாது.”

ஐயா கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தார். “எல்லாருக்கும் வருத்தம்தான் பிள்ளை. எனக்கும் நெஞ்சுக்குள்ள ரெண்டு கம்பி வைச்சுக் கிடக்கு.”

“தெரியும் ஐயா.”

“தெரிஞ்சுதான் வந்து சொல்லுறீர்.”

“ஓம்.”

கதவைச் சாத்தினார். மனம் இளகினார் என்றோ, பிறகு அவளுக்கு ஏதாவது கொடுத்தனுப்பினார் என்றோ எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். அப்படி நடக்கவில்லை. நாலு மணிக்கு அவள் கயிற்றை எடுத்தாள். நாலைந்து தரம் துள்ளினாள். டொக், டொக், டொக் என்று தும்புத்தடி இடித்தது. அவள் உடனே நின்று என் முகத்தைப் பார்த்தாள். லைற் சுவிட்சின் பக்கம் கை போனது எனக்குத் தெரிந்தது.

“தவில்காரர் தொடங்கீட்டார். நாயனத்தைக் காணேல்ல” என்றார் அவளுடைய அப்பா அறைக்குள்ளிருந்து.

நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்று துள்ளினேன். கயிறில்லாமல், சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. எனக்குத் துள்ளத் தெரியாது. சின்ன வயதிலும் துள்ளியதில்லை. அவள் என்னைப் பார்த்து ஒரு பக்கத்து வாயால் சிரித்தாள். பிறகு களைத்துப் போய்த் தரையில் இருந்துவிட்டாள். அன்றைக்கு அவ்வளவுதான். மறுநாள் கயிற்றை எடுக்கவே இல்லை. அதற்கடுத்த நாள் கொஞ்சம் துள்ளினாள். சுகமாவது என்றால் மேலே ஏறிப் போவது என்று நினைத்திருந்தேன். அது அப்படி இருக்கவில்லை. ஒரு நல்ல கிழமைக்குப் பின்னால் மூன்று கெட்ட கிழமைகள் வந்தன.

இப்போது அவள் வளர்ந்துவிட்டாள். ரெயின்கள் ஓடுகின்றன. மொட்டை மாடியைத் திறந்துவிட்டார்கள், நான் மட்டும் அந்தப் படிக்கட்டைப் பார்க்காமல் போய் வருகிறேன். மருந்து எடுக்கிறாள். ஒரு வகுப்புக்குப் போகிறாள். போகாத நாட்களும் இருக்கின்றன. ‘நெடுக இல்லை’ என்று அவள் அன்று சொன்னதைப் பற்றி இன்றும் கேட்கிறேன். நேராகவே கேட்கிறேன், இப்போது வாய் வருகிறது. “இல்லையம்மா” என்பாள் சில நேரம். “கொஞ்சம்” என்பாள் சில நேரம். கொஞ்சம் என்று சொல்கிற நாட்களில்தான் எனக்கு நம்பிக்கை. இல்லை என்று சொன்னால் அது உண்மையா என்று நாள் முழுக்க யோசிப்பேன்.

என்னால் தாங்க முடியாதது அமைதிதான். அவளுடைய அறையில் சத்தமே இல்லையென்றால், கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு, துவாய் மடிப்பதுபோல ஏதோவொரு சாக்கோடு கதவுக்கு வெளியே போய் நிற்கிறேன். செருப்பில்லாமல், மூச்சை அடக்கிக்கொண்டு. அதில் நான் இன்னும் கெட்டிக்காரிதான். ஆனால் அவள் என்னிடம் படித்தவள். நான் நிற்பது அவளுக்குத் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே கதிரை இழுபடும். அல்லது பேனையின் மூடி திறந்து மூடும். போன கிழமை அக்கா அனுப்பிய முறுக்குப் பேணியை அறைக்குள் கொண்டு போயிருந்தாள். நான் துவாயோடு நின்றேன். உள்ளே மொறுக்கென்று ஒரு கடி. பிறகு இன்னொன்று, முதலாவதைவிடப் பலமாக.

அவளுக்குப் பசித்துத்தான் சாப்பிடுகிறாளா, இல்லை, வெளியே நிற்கிற எனக்குக் கேட்கட்டும் என்று கடிக்கிறாளா? முன்பு அமைதியாக இருந்தது எனக்காக. இந்தச் சத்தமும் எனக்காகத்தானோ? கதவைத் திறந்து கேட்கலாம். துவாயை இன்னொரு தரம் விரித்து மடித்தேன். உள்ளே அவள் மூன்றாவதைக் கடித்தாள்.